டீசல் இல்லாமல் ஓடிய எஞ்சின்

"சார், டீசலை நிறுத்தியாச்சு. ஆனா எஞ்சின் இன்னும் வேலை கொடுக்குதுன்னு காட்டுது."

மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் கணினித் திரையைக் காட்டிச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எட்டிப் பார்த்ததும் நின்றுவிட்டது. சைதாப்பேட்டையில் குடியிருந்துகொண்டு, தினமும் மறைமலையடிகள் பாலத்தைத் தாண்டிப் போய் வெப்ப எஞ்சின் ஆய்வகத்தில் பயிற்றுநராக இருபது வருடம் ஓட்டியவன் நான். அப்படி ஒரு படத்தை அதுவரை பார்த்ததில்லை.

எஞ்சின் ஒன்றும் அதிசயமானதல்ல. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் பரவலாக இருக்கும் ஒற்றைச் சிலிண்டர் கிர்லோஸ்கர்தான். போர் 87.5 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ., கம்ப்ரஷன் ரேஷியோ 17.5, நிமிடத்துக்கு 1500 சுற்று. சோதனையும் எளியது. நன்றாக ஓடும்போது டீசலை நிறுத்த வேண்டும். கனமான ஃப்ளைவீல் உடனே நிற்காது; இன்னும் சில சுற்று பிஸ்டனை இழுத்துக்கொண்டு போகும். அப்போது உள்ளே இருப்பது வெறும் காற்று. அதன் அழுத்தத்தையும் கன அளவையும் வைத்துப் பி-வி படம் வரைய வேண்டும்.

பாடப்புத்தகக் கணக்குப்படி, காற்றை அமுக்கும்போது கோடு எந்த வழியாக மேலே ஏறியதோ, விரியும்போது அதே வழியாக இறங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இடைவெளியே இருக்கக் கூடாது. படத்தில் அடைபடும் பரப்புதான் வேலை. பரப்பு இல்லை என்றால் வேலையும் இல்லை. உண்மையான எஞ்சினில் சூடான காற்று சிலிண்டர் சுவருக்குக் கொஞ்சம் வெப்பத்தைப் பறிகொடுக்கும். அதனால் இறங்கும் கோடு ஒரு மயிரிழை கீழே வரும். அது நஷ்டக் கணக்கு, சரி. எங்கள் திரையிலோ இறங்கும் கோடு மேலே இருந்தது. எரிக்க ஒன்றும் இல்லாமலே லாபம்!

இந்தப் படத்துக்கு வயது அதிகம். ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796-ல் நீராவி எஞ்சினில் பென்சிலைப் பொருத்தி, எஞ்சினே தன் படத்தை வரையும்படி செய்தார். கார்னோ 1824-ல் சொற்களால் விளக்கிய லட்சிய எஞ்சினை, 1834-ல் கிளாப்பெய்ரான் இந்தக் கட்டத்துக்குள் கோடுகளாக்கினார். ஆக, ஒரே தாளில் இரண்டு வம்சம்: ஒன்று எஞ்சின் வரைந்தது, மற்றது மனம் வரைந்தது. எங்கள் சைதாப்பேட்டைக்கும் வெப்ப எஞ்சின் பழைய விருந்தாளிதான். 1860-களில் இங்கே தொடங்கிய அரசுச் சோதனைப் பண்ணைக்கு இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை வந்தது.

மனம் வரைந்த கோட்டில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. கோட்டின் மேல் ஒரு புள்ளி வைத்தால், அந்தக் கணத்தில் சிலிண்டர் முழுவதும் ஒரே அழுத்தம் என்று பொருள். அதாவது ஒவ்வொரு கணமும் சமநிலை. பள்ளிப் புத்தகம் இதை மீமெது நிகழ்வு என்கிறது. "நிமிஷத்துக்கு 1500 சுத்து சுத்துறது எப்படி சார் மீமெது?" என்று வருடா வருடம் ஒருவராவது கேட்பார். நல்ல கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்ட்ரோக்குக்கு 20 மில்லி செகண்ட். அழுத்தம் பரவுவது ஒலியின் வேகத்தில். சாதாரண அறைக் காற்றிலேயே அது நொடிக்கு 340 மீட்டருக்கு மேல். 110 மி.மீ. தூரத்தைக் கடக்க ஒரு மில்லி செகண்டில் மூன்றில் ஒரு பங்கு போதும். பிஸ்டன் ஒருமுறை மேலே வருவதற்குள் செய்தி அந்தத் தூரத்தை அறுபது முறை கடந்துவிடும். நமக்குத்தான் அது வேகம். காற்றுக்கு ஆமை நடை.

ஆனால் வெப்பம் அப்படிப் பரவாது. காலை எட்டரை மணிக்குச் சைதாப்பேட்டை ஸ்டேஷனில் பீச் வண்டி ஏறியவர்களுக்கு இது புரியும். வாசலில் விழும் தள்ளு அந்தக் கணமே எதிர் வாசலில் நிற்பவர் விலா எலும்பில் தெரியும். ஆள் நகர்ந்து உள்ளே போவதற்குள் மாம்பலம் வந்துவிடும். தள்ளு என்பது அழுத்தம், ஆள் நகர்வது வெப்பம். அதனால் லட்சியக் கோடு அமுக்கும் பகுதியில் கிட்டத்தட்ட நிஜம். டீசல் எரியும் மூலையில் வெறும் கற்பனை. புத்தகத்தில் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும் அந்த மூலை, எங்கள் திரையில் கூழாங்கல்போல் மழுங்கியிருக்கும். லட்சிய டீசல் சுழற்சிக்கு இந்தக் கம்ப்ரஷனில் நூற்றுக்கு 60-க்கு மேல் திறன் வரும். நாங்கள் பிரேக் டிரம்மில் அளந்தால் 27 வந்தாலே மகிழ்ச்சி.

முழுச் சமநிலைக்காகக் காத்திருக்கவும் முடியாது. கார்னோ எஞ்சின் தன் முழுத் திறனைக் காட்ட முடிவில்லாத நேரம் வேண்டும். அதன் குதிரைத்திறன் பூஜ்யம். 1975-ல் கர்சன், ஆல்போர்ன் என்ற இருவர் அவசரத்தின் விலையை ஓர் எளிய மாதிரியில் கணக்கிட்டார்கள். 1200 கெல்வினுக்கும் 300 கெல்வினுக்கும் நடுவே கார்னோ தருவது 75 விழுக்காடு. அதிகபட்ச சக்தி வேண்டுமென்று ஓட்டினால் 50.

சரி, எங்கள் இலவச எஞ்சினுக்கு வருவோம். வெறும் காற்றை அமுக்கும்போது உச்ச அழுத்தம் பிஸ்டன் மேல்முனையைத் தொடுவதற்குச் சற்று முன்பே வந்துவிட வேண்டும். வெப்பம் சுவருக்குக் கசிவதால். எங்களுக்கு மேல்முனையைத் தாண்டி இரண்டு டிகிரி தள்ளி வந்தது. கீழே குனிந்து பார்த்தேன். கிராங்க் கோணத்தை அளக்கும் சென்சாரின் கப்ளிங்கைப் போன மாதம் கழற்றி மாட்டியவன் நான்தான். ஒரு திருகு சரியாக இறுகவில்லை. அந்த மாதம் முழுக்கப் படத்தின் பரப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்திருந்தது. எஞ்சினை ஓவர்ஹால் செய்த பலன் என்று நினைத்துப் பெருமையோடு ரெகார்டு நோட்டுகளில் கையெழுத்தும் போட்டிருந்தேன். மேல்முனை ஒரு டிகிரி தவறினாலே பரப்பு பல விழுக்காடு மாறும். டீசல் எரியும்போது அது தெரிந்திருக்காது. கொஞ்சம் கூடுதலான லாபத்தை யார் சந்தேகப்படுவார்கள்? ஏறிய வழியே இறங்க வேண்டும் என்ற அந்த நடக்காத கோடு இருந்ததால்தான் பொய் மாட்டியது. அந்த நோட்டுகளைத் திரும்ப வாங்கி, மறுபடி சோதனை செய்யச் சொன்னேன். கையெழுத்து என்னுடையது என்பதால் யாரையும் திட்ட முடியவில்லை.

இப்போது ஒவ்வொரு பருவத்திலும் முதல் சோதனை டீசலை நிறுத்தி எடுக்கும் அந்தப் படம்தான். லட்சியக் கோட்டை முதலில் பென்சிலால் நோட்டில் வரைந்துவிட்டுத்தான் எஞ்சினைத் தொட வேண்டும். "இப்படி ஓடுற எஞ்சின் எங்க சார் இருக்கு?" என்று கேட்டால், லோடு போட்டு ஓடவிட்டு, குளிர்விக்கும் தண்ணீர் வெளியே வரும் குழாயைக் காட்டுவேன். "விரலை வச்சுப் பாருப்பா. உன் கோட்டுக்கும் நம்ம எஞ்சினுக்கும் நடுவுல காணாமப் போனதுல ஒரு பங்கு அங்கதான் போய்க்கிட்டிருக்கு."