தூணில் சாய்ந்த தலைகள்

1858ஆம் ஆண்டில், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சுற்றி அடித்தளத்தில் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டுகளைப் படமெடுத்தார். ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட 21 படங்கள்; மொத்த நீளம் ஏறத்தாழ 19 அடி. மெழுகிட்ட காகிதமே அவருக்கு நெகடிவ். நெடுநேரம் ஒளி விழுந்தால்தான் அதில் உருவம் பதியும். கல் பதியும்; குறுக்கே நடந்து போகிறவர் பதியமாட்டார். கட்டடத்தை ஆளற்ற வெளியாகக் காட்டும் வழக்கத்துக்கு அன்று இப்படி ஒரு வேதியியல் காரணமும் இருந்தது. அந்தக் காரணம் மறைந்து நூறாண்டுக்கு மேலாகியும் வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

புகைப்படக் கலை பயிலும் எனக்கு டிரைப் இப்போது நினைவுக்கு வரக் காரணம், படிப்பின் முடிவில் சமர்ப்பிக்க வேண்டிய தொகுப்பு. 20 படங்கள், ஒரே துறை என்பது விதி. என்னிடம் இருப்பவையோ இரண்டு கட்டுகள். ஒன்றில் முகங்கள், மற்றதில் கட்டடங்கள். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வேண்டாம்" என்கிறார் ஆசிரியர். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் ஆறும் சேறும் அவ்வளவு தெளிவாகப் பிரிந்து கிடக்கின்றனவா என்பதே என் ஐயம்.

ஜெர்மனியின் பெர்ன்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் 1959 முதல் சேர்ந்து பணியாற்றியவர்கள். தண்ணீர்த் தொட்டிக் கோபுரங்கள், ஊது உலைகள், சுரங்க ஏற்றக் கோபுரங்கள் என்று தொழில்யுகத்தின் கட்டுமானங்களை, நிழல் விழாத மேகமூட்ட நாட்களில், நேர் எதிரே நின்று எடுத்தார்கள். வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரே குடும்பத்தின் முகச்சாயல்கள் போலிருக்கும். டுசல்டார்ஃபில் அவர்களிடம் பயின்ற தாமஸ் ரூஃப், 1980களில் தம் நண்பர்களின் முகங்களைக் கடவுச்சீட்டுப் படம் போல, உணர்ச்சி துடைத்து எடுத்து, ஆளுயரத்துக்கும் மேலாக அச்சிட்டார். அருகே நின்று பார்க்கிறவருக்கு அது முகமன்று, ஒரு கட்டடத்தின் முகப்பு. ஆசிரியர்கள் கட்டடத்தை முகமாக்கினார்கள். மாணவர் முகத்தைக் கட்டடமாக்கினார்.

என் கட்டுகளிலிருந்து ஒரு சான்று. நான்கு ஆண்டுகளுக்கு முன், காரைக்குடிக்கு அருகே ஒரு செட்டிநாட்டு வீட்டைப் படமெடுத்தேன். ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடு. பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தரை, கண்ணாடி போல வழுவழுத்த சுண்ணாம்புச் சுவர்கள். திறந்த வளவில் விழும் வெயில் தரையில் பட்டுத் தெறித்து, சுற்றுக்கட்டில் அமர்ந்திருப்பவர் முகத்தைக் கீழிருந்து ஒளியூட்டும். எந்த விளக்காலும் அந்த ஒளியை எனக்கு உண்டாக்க முடிந்ததில்லை. சுவரின் உயரத்தில், முன்னோக்கிச் சாய்ந்தபடி பழைய ஸ்டுடியோ படங்கள் தொங்கின. வீடு நிறைய அசல் தூண்கள் இருக்க, திரைச்சீலையில் தீட்டிய தூணுக்கு முன்னால் விறைத்து நின்றவர்கள்.

அந்த வீட்டில் தனியாக வாழ்ந்த ஆச்சி, வளவின் ஒரு குறிப்பிட்ட தூணில்தான் சாய்ந்து உட்காருவார். அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு கறுத்த வட்டங்கள். எண்ணெய் தேய்த்த தலை ஆண்டுக்கணக்கில் பட்டுப்பட்டு மரத்தில் ஊறிய தடங்கள். என் பார்வை போன திசையைக் கண்டு அவரே சொன்னார்: "மேல இருக்கிறது எங்க மாமியா தலை, தம்பி. ஒசரமான மனுஷி. எந்தலை கீழ இருக்கு, பாருங்க." தூணைத் தனியாகவும், ஆச்சியைத் தூணோடும் எடுத்துக்கொண்டேன்.

மறு ஆண்டே பங்காளிகள் கூடி வீட்டை விற்றார்கள். இப்படிப் பிரிக்கப்படும் வீடுகளின் தூண்களும் கதவுகளும் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெருகேற்றிப் புதிய வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் விற்கிறார்கள். மரம் பிழைத்துக்கொள்ளும். முதல் இழைப்பிலேயே போய்விடுவது அந்த இரண்டு வட்டங்கள்தாம்.

ஆச்சி சென்ற ஆண்டு காலமானார். குடும்பத்தார் கேட்க, படத்தை அனுப்பிவைத்தேன். ஸ்டுடியோவில் தூணை நீக்கி, பின்னால் இளநீல நிறம் சேர்த்து, சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாலை போட அவர்களுக்கு வேண்டியது முகம். ஆனால் அந்த முகம் எங்கே சாய்ந்திருந்தது, அதற்கு மேலே யார் சாய்ந்திருந்தார் என்பதற்கு இனி என் கட்டில் உள்ள படத்தைத் தவிர வேறு சாட்சியம் இல்லை.

கட்டடப் படம் என்பது எழுந்து போய்விட்டவர்களின் உருவப்படம் என்றே இப்போது தோன்றுகிறது. தேய்ந்த படி, கை பட்டு மின்னும் தாழ்ப்பாள், மூக்கில் கண்ணாடி பதித்த குழி: இவையெல்லாம் ஒரே எழுத்தால் எழுதப்பட்டவை. இரண்டு கட்டுகளையும் கலந்து 20 படங்களைத் தேர்ந்துவிட்டேன். விண்ணப்பத்தில் துறை என்ற இடத்தை நிரப்பியாக வேண்டும். உருவப்படம் என்று எழுதியிருக்கிறேன். முதல் படம் அந்தத் தூண். அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.