இளைத்தது கொழுப்பா, தசையா?



சென்ற ஆண்டு விடுமுறை நாளொன்றில் செங்கல்பட்டிலிருந்து குடும்பத்தோடு மாமல்லபுரம் சென்றிருந்தோம். கடற்கரை மணலில் அமர்ந்திருந்த என் அத்தா, அஸர் தொழுகைக்கு நேரமாயிற்றே என்று எழ முயன்றார், இயலவில்லை. இரு கைகளையும் ஊன்றினார். கைகள்தாம் மணலில் புதைந்தன. நானும் தம்பியும் தோள் கொடுத்துத் தூக்கினோம். அவருடைய உடல் அவ்வளவு இலேசாக இருந்தது கண்டு திடுக்கிட்டேன்.

அத்தாவுக்குப் பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. ஈராண்டாக எடை குறைந்துகொண்டே வந்தது. "சர்க்கரைக்கு இளைப்பது நல்லதுதான் அத்தா" என்று பாராட்டியவன் நானே. சோற்றோடு மீனையும் பருப்பையும்கூடக் குறைத்துக்கொண்டு, இருவேளையும் கஞ்சியே குடித்தார். அதையும் பத்தியம் என்றே எண்ணி மகிழ்ந்தோம்.

மருத்துவர் அவருடைய கெண்டைக்காலை நாடாவால் அளந்தார், 31 செ.மீ. இருந்தது. ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்தபடி, ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 செ.மீட்டருக்குக் குறைந்தால் தசைத் தேய்வு உண்டோ என ஐயுற வேண்டும். பின்னர், கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் சொன்னார். 12 விநாடிக்குள் முடிய வேண்டிய செயல் அது. அத்தா இரண்டாம் முறையிலேயே ஓய்ந்துவிட்டார். "இளைத்தது கொழுப்பன்று, தசை" என்றார் மருத்துவர்.

கலைப் பட்டம் பெற்ற மதரஸா ஆசிரியனாகிய நான், அதன் பிறகே இதைத் தேடிப் படித்தேன். உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையை வாங்கிச் சேமிக்கும் பெருங்களஞ்சியம் தசையே. அதற்கு ஏவல் தருவது இன்சுலின். அந்த ஏவல் குன்றினால், ஃபாக்ஸோ எனும் புரதங்கள் கட்டவிழ்ந்து, தசையைச் சிதைக்கும் மரபணுக்களை எழுப்பிவிடுகின்றன. இரத்தத்தில் மிகும் சர்க்கரையும் தானே தீங்கு செய்கிறது. அது கே.எல்.எஃப்.15 என்னும் புரதத்தைத் தசையில் பெருகச் செய்து தேய்வை உண்டாக்குவதை, ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தார் 2019இல் எலிகளிடம் கண்டனர். தசையில் அப்புரதம் இல்லாத எலிகளுக்கு அத்தேய்வு நேரவில்லை. களஞ்சியம் சுருங்கினால் சர்க்கரை இரத்தத்தில் தேங்கும். தேங்கினால் களஞ்சியம் மேலும் சுருங்கும்.

நம்மவர்க்குக் கைம்முதலே குறைவு. புனேயில் டாக்டர் சி.எஸ்.யாஜ்னிக் குழுவினர், அங்குப் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டனர். நம் குழந்தைகள் எடையிலும் தசையிலும் குறைந்திருந்தன. கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. இருக்கும் சிறு முதலையும் அறியாமையால் இழக்கலாமா?

மரபணு நம் கையில் இல்லை. அதை எழுப்பிவிடும் காரணங்கள் பல நம் கையில் உள்ளன. சிறுநீரகத்தைப் பரிசோதித்த பின், மருத்துவர் சொன்ன அளவில் முட்டையும் மீனும் பருப்பும் அத்தாவின் தட்டுக்குத் திரும்பின. மருந்தும் மாற்றப்பட்டது. நாள்தோறும் நாற்காலியில் அமர்ந்து எழும் பயிற்சி செய்கிறார். ஆறு மாதமாயிற்று, பிறர் கைபிடிக்காமல் எழுகிறார். தரையில் ஸஜ்தா செய்து எழ இன்னும் இயலவில்லை. அதற்காக அவர் கண் கலங்கும்போதெல்லாம், நான் பாராட்டிய அந்தச் சொல் என்னைச் சுடுகிறது.

வாசகர்களே! உங்கள் வீட்டுப் பெரியவர் இளைத்திருந்தால், பாராட்டுவதற்கு முன் அருகில் நின்றுகொண்டு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.