பூஜ்ஜியக் கோட்டில் எரிந்த விளக்கு

"நாற்பது வருஷத்துக் கார், வால்வு எரியத்தான் செய்யும்." எதிர்த்தரப்பு ஒர்க்‌ஷாப்பின் பதிலுரை நான்கு பக்கம் இருந்தாலும் சாரம் இந்த ஒரு வரிதான். கோவை நுகர்வோர் மன்றத்தில், 1986ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் இருந்தபோது நடத்திய வழக்கு இது.

என் கட்சிக்காரர் ஓய்வுபெற்ற மில் இன்ஜினியர். அவருடைய வண்டி 1973 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1600 சிசி, ரேடியேட்டர் இல்லாமல் காற்றாலேயே குளிரும் இன்ஜின். சிக்னலில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் அமுங்கி, பிறகுதான் எடுக்கிறது என்று ட்யூனிங்குக்கு விட்டார். வண்டி கைக்கு வந்த வாரமே குன்னூர் ஏற்றத்தில் இழுவை போய்விட்டது. மூன்றாம் சிலிண்டரில் கம்ப்ரஷன் அறவே இல்லை. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருந்தது.

வண்டியில் எதையும் கழற்ற வேண்டாம், கார்பரேட்டரையும் டிஸ்ட்ரிப்யூட்டரையும் யாரும் தொடக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். பிறகு மனுப் போட்டு, வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்க வைத்தோம். அவருக்கு உதவியாக, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மூத்த மெக்கானிக் ஒருவர் வந்தார்.

டிஸ்ட்ரிப்யூட்டர் கிளாம்ப் நட்டின் மேல் மஞ்சள் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்திருந்தது. ஒர்க்‌ஷாப்பே வைத்த அடையாளம். பொட்டில் கீறல்கூட இல்லை. "அப்புறம் யாரோ திருகிட்டாங்க" என்று சொல்ல இனி வழியில்லை. மெக்கானிக் டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைக் காயிலில் பாயிண்ட் பக்கமும், மறுமுனையை பாடியிலும் கொடுத்து, ஃபேன் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்றினார். பாயிண்ட் பிரியும்போது விளக்கு எரியும். கிராங்க் புல்லி பூஜ்ஜியக் கோட்டுக்கு ஏழெட்டு டிகிரி முன்பே எரிய வேண்டிய விளக்கு, சரியாகப் பூஜ்ஜியத்தில் எரிந்தது. "டைமிங் பின்னாடி கெடக்குதுங்க" என்றார். ஆணையர் அதை அப்படியே பதிவு செய்தார்.

எப்படிப் பின்னால் போனது என்பதில்தான் வழக்கே இருந்தது. அந்த வண்டியில் யாரோ எப்போதோ மாட்டிய 009 டிஸ்ட்ரிப்யூட்டர். அதில் வேக்குவம் அட்வான்ஸ் கிடையாது. 34 பிக்ட்-3 சோலெக்ஸ் கார்பரேட்டரோடு அது சேர்ந்தால் கிளம்பும்போது அமுங்குவது தெரிந்த சங்கதி. ஒர்க்‌ஷாப் அதை மறைக்க ஐடிலிங்கை ஏற்றியது. இந்தக் கார்பரேட்டரில் ஐடிலிங்கை பைபாஸ் திருகில்தான் வைக்க வேண்டும். அவர்கள் த்ராட்டில் ஸ்டாப் திருகை உள்ளே முறுக்கியிருந்தார்கள். ஐடிலிங் 850ஐத் தாண்டி ஏறியதும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் இருக்கும் எடைகள் விரிந்து, டைமிங்கைத் தாமாகவே முன்னுக்குத் தள்ளத் தொடங்கிவிடும். அந்த நிலையில் டைமிங் லைட் பிடித்துக் குறியில் வைத்தால், உண்மையான டைமிங் அவ்வளவுக்குப் பின்தங்கும். வேகத்தில் முப்பது டிகிரி வேண்டிய இன்ஜினுக்கு இருபது சொச்சம்தான் கிடைக்கும். தாமதமாகப் பற்றிய பெட்ரோல், எக்ஸாஸ்ட் வால்வு திறந்த பிறகும் எரிந்துகொண்டிருக்கும். மலை ஏற்றத்தில், முழு த்ராட்டிலில், அந்தச் சூடு முழுக்க வால்வின் தலையில்.

முதலில் குளிர்ந்த இன்ஜினில் வால்வு கேப் 0.15 மி.மீ., பிறகு பாயிண்ட் கேப் 0.4 மி.மீ., அதன் பின் டைமிங், கடைசியில் கார்பரேட்டர். இந்த வேலைக்கு வரிசை இதுதான். அவர்களுடைய பில்லில் முதல் வரி கார்பரேட்டர், அடுத்தது டைமிங். வால்வு என்ற சொல்லே இல்லை. சேவைக் குறைபாட்டுக்கு அந்தச் சட்டத்தின் பிரிவு 2(1)(ஜி) தரும் விளக்கத்தில், வேலை செய்யப்படும் முறையும் அடங்கும். என் வாதத்தை முழுக்க அதன் மேல்தான் நிறுத்தினேன்.

மூன்றாம் சிலிண்டர் இந்த இன்ஜினின் பிறவிக் கோளாறு, ஆயில் கூலர் காற்றை மறைக்கிறது என்று அவர்களுடைய சாட்சி சொன்னார். பழைய இன்ஜின்களுக்கு அது பொருந்தும். ஆனால் 1971 மாடலிலிருந்தே கூலர் அந்தக் காற்றுப் பாதையை விட்டுத் தனிக் கூட்டுக்குள் போய்விட்டது. ஆணையர் எடுத்த புகைப்படத்தைக் காட்டி, கூலர் எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டச் சொன்னேன். தொட்டுக் காட்டினார். அதற்கு மேல் குறுக்கு விசாரணை தேவைப்படவில்லை.

சிலிண்டர் ஹெட் வேலைக்கான செலவையும் வழக்குச் செலவையும் மன்றம் கொடுக்கச் சொன்னது. முழு இன்ஜினுக்கான விலையை மறுத்தது. வால்வில் முன்பே கொஞ்சம் தேய்மானம் இருந்திருக்கலாம் என்ற காரணம் நியாயமானதே. மன உளைச்சலுக்கு எதுவும் இல்லை என்றதை மட்டும் இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த மலைப்பாதையில் அவர் மனைவியோடு இருட்டும் வரை நின்றிருக்கிறார்.

மேல்முறையீட்டுக்கு யாரும் போகவில்லை. வந்த பணத்தில் ஹெட்டைச் சரிசெய்து, 009ஐக் கழற்றிவிட்டு வேக்குவம் வைத்த டிஸ்ட்ரிப்யூட்டரை மாட்டினார்கள். முதலில் அவர் சொல்லிப் போன அந்த அமுங்கல் அன்றோடு போயிற்று.