மகளுக்கு மூத்த டயர்



குடும்பச் சஞ்சிகையில் கார் டயரைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. ஆனால், நம்மில் எத்தனை பேருடைய மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பனி கொட்டும் நாடுகளில் வாழ்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்கள் ஏறிப் போகும் காருக்கு நான்கு டயர்கள். ஒரு டயர் தரையைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கை அளவு றப்பரைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

நாங்கள் 2009ஆம் ஆண்டு கனடாவின் மொன்றியல் நகருக்கு வந்தோம். முதலிரண்டு வருடங்கள் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கழிந்தன. 2011இல் எனக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கிடைத்தது. ஒரு பழைய காரும் வாங்கினோம். கியூபெக் மாகாணத்தில் 2008 முதல் குளிர்கால டயர் கட்டாயம். நான்கு டயர்களையும் மாற்றியாக வேண்டும். தவறினால் 200 முதல் 300 டொலர் வரை தண்டப்பணம். அப்போது டிசம்பர் 15இல் தொடங்கிய கட்டாயம், 2019 முதல் டிசம்பர் 1இலேயே தொடங்கி மார்ச் 15 வரை நீடிக்கிறது.

புதிய டயர் நான்கும் பூட்டுக் கூலியும் சேர்ந்தால் அறுநூறு டொலரைத் தாண்டும் என்றார்கள். என் கணவர் விசாரித்துத் திரிந்து, ஒருவரிடம் பழைய டயர் நான்கை 120 டொலருக்கு வாங்கி வந்தார். குளிர்கால டயருக்குரிய சின்னம் அதில் இருந்தது. பொலிஸார் நிறுத்திப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. “சட்டத்துக்கு இது போதும். மற்றதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்றார். மிச்சம் பிடித்த பணத்தை ஊருக்குப் போகும் டிக்கட்டுக்காக ஒதுக்கி வைத்தேன். உம்மாவைப் பார்த்து இரண்டு வருடங்களுக்கு மேலாகியிருந்தது. ஆகவே அவருடைய சிக்கனத்தில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

2012 ஜனவரியில் ஒரு காலை. எட்டு வயது மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். கோட்-டெ-நேஜ் என்பது மொன்றியலில் நம் நாட்டவரும் வாழும் பகுதி. பிரெஞ்சு மொழியில் அந்தப் பெயருக்குப் பனி மேடு என்று பொருள் வரும். பெயருக்கேற்ற சரிவான வீதி. இரவு விழுந்த பனியை இயந்திரம் வழித்து அள்ளியிருந்தது. மேலே கண்ணாடி போல ஒரு மெல்லிய படலம் மட்டும் எஞ்சியிருந்தது. சரிவின் கீழே கலர் லைட் சிவப்பானது. பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், அதுவும் கேட்கவில்லை. வேகம் முப்பதைத் தாண்டியிருக்காது. ஆனாலும், வழுக்குப் பாறையில் குடம் நழுவுவது போல, கார் தன் பாட்டில் நழுவிக்கொண்டே போனது.

கீழே குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஒரு தாய் வீதியைக் கடக்கத் தொடங்கியிருந்தாள். என் காரைக் கண்டதும் வண்டியைப் பின்னால் இழுத்துவிட்டாள். அவள் ஒரு கணத்துக்கு முன் நின்ற இடத்தில் போய் என் கார் நின்றது. அவள் என்னை ஏசவில்லை. ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பின் ஆசனத்திலிருந்த மகள், “உம்மா, ஏன் நிப்பாட்டல்ல?” என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று மாலையே ஒரு கராஜுக்குப் போனோம். அங்கே வேலை செய்தவர் அல்ஜீரிய நாட்டுச் சகோதரர். டயரைக் குனிந்து பார்த்தவர், “சகோதரி, இங்கே வாருங்கள்” என்று என்னைக் கூப்பிட்டு டயரின் பக்கச் சுவரைக் காட்டினார். நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 3502. முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். அதாவது 2002ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர். என் மகள் பிறந்தது 2003இல். அவளுக்கு மூத்த டயரை நம்பி அவளைக் காரில் ஏற்றியிருக்கிறேன்!

டயர் பழையதானால் என்ன என்று நினைக்கிறீர்களா? எங்கள் ஊர் தர்கா நகர்ப் பக்கம். சுற்றிலும் றப்பர்த் தோட்டங்கள். றப்பர் பாலும் ஷீட்டும் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும், குளிரில் றப்பர் என்ன ஆகும் என்பதை அந்தக் கராஜில்தான் படித்தேன். சாதாரண டயரின் றப்பர் ஏழு பாகை செல்சியஸுக்குக் கீழே போகப் போக இறுகி, வீதியைப் பற்றிப் பிடிக்காது. குளிர்கால டயரின் கலவை வேறு. கடுங்குளிரிலும் அது இளகி இருக்கும். அதன் முகத்தில் கத்தியால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் இருக்கும். அவைதான் பனியைக் கவ்விப் பிடிப்பவை. வருடங்கள் போக, றப்பர் தானாகவே காய்ந்து இறுகிவிடும். தேய்மானத்தால் வெட்டுகளும் ஆழம் குறைந்துவிடும். பிறகு சின்னம் மட்டும்தான் மிச்சம். டயர் பெயருக்குத்தான் குளிர்கால டயர்.

அந்தச் சகோதரர் சொல்லித் தந்ததையும், பிறகு நான் தேடி அறிந்ததையும் உங்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

முதலில் சின்னத்தைப் பாருங்கள். மூன்று சிகரமுள்ள ஒரு மலை, அதன் உள்ளே ஒரு பனிப்பூ. பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே அது கிடைக்கும். எம் + எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் ஏமாறாதீர்கள். சேற்றுக்கும் பனிக்கும் என்று அதற்குப் பொருள் சொன்னாலும், அது எந்தச் சோதனையும் இல்லாமல் போடக்கூடிய எழுத்து. 2014 டிசம்பர் 15 முதல் கியூபெக்கில் மலைச் சின்னமுள்ள டயர், அல்லது ஆணி பதித்த டயர் மட்டுமே செல்லும்.

இரண்டாவது வயது. நான்கு இலக்கங்களை நீங்களே குனிந்து வாசியுங்கள். விற்பவர் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

மூன்றாவது ஆழம். சட்டம் 1.6 மில்லிமீற்றர் இருந்தால் விட்டுவிடும். ஆனால் பனியில் ஓட 4.8 மில்லிமீற்றராவது வேண்டும் என்பது அறிந்தவர்களின் ஆலோசனை. இதற்குக் கருவி வேண்டியதில்லை. கனடாவின் 25 சத நாணயத்தில் ஒரு கரிபூ மானின் தலை இருக்கிறது. மூக்கு கீழே வரும்படி நாணயத்தை டயரின் பள்ளத்துக்குள் நிறுத்துங்கள். மூக்கின் நுனி வெளியே தெரிந்தால் அந்த அளவுக்குத் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

நான்காவது, நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். கட்டாயச் சட்டம் இல்லாத இடங்களில் சிலர் முன்னால் இரண்டை மட்டும் மாற்றுகிறார்கள். முன் சில்லு பிடிக்க, பின் சில்லு வழுக்க, வளைவில் கார் சுற்றிவிடும். ஒன்ராறியோவில் கட்டாயம் கிடையாது. ஆனால் அங்கே 2016 முதல் குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதிக் கம்பனிகள் கழிவு கொடுக்க வேண்டும். ரொறன்ரோவிலுள்ள பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்கட்டும்.

ஐந்தாவது அளவு. சாரதியின் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் 195/65 ஆர் 15 என்பது போல எழுதியிருக்கும். அகலம் 195 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 வீதம். றிம் 15 அங்குலம். காற்று எவ்வளவு அடிக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. வெப்பநிலை ஐந்தாறு பாகை குறையும்போதெல்லாம் டயரில் ஏறத்தாழ ஒரு இறாத்தல் காற்றழுத்தம் குறைந்துவிடும். ஆகவே குளிர் தொடங்கியதும் மாதம் ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

பூட்டிய பின் நூறு கிலோமீற்றரளவு ஓடியதும் சில்லு நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பாருங்கள். வசந்தம் வந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள். இளகிய றப்பர் வெயிலில் சீக்கிரம் தேய்ந்துபோகும். கோடைக்கும் குளிருக்கும் ஒரே டயர் வேண்டுமென்றால், ஓல் சீசன் என்று எழுதியதை அல்ல, மலைச் சின்னமும் சேர்ந்த ஓல் வெதர் டயரைக் கேளுங்கள். என்றாலும், கடும் பனி விழும் இடத்துக்குத் தனிக் குளிர்கால டயர்தான் நல்லது.

டிக்கட்டுக்குச் சேர்த்த பணத்தில்தான் அன்று புதிய டயர் வாங்கினோம். தொலைபேசியில் உம்மாவிடம் சொன்னபோது, “என்ன மகள், டயருக்கா இந்தளவு சல்லி?” என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, “நீ வாறத்துக்கு இன்னொரு வருஷம் போகட்டும். புள்ளய பத்திரமா வெச்சிக்கோ” என்றார். 2013இல் ஊருக்குப் போனோம், அல்ஹம்துலில்லாஹ். உம்மா சுகமாக இருந்தார்.

என் கணவரை நான் குறை சொல்லவில்லை. அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று அவர் சொன்னது உண்மைதான். ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த பாடம் அல்லவா? அன்று நாங்கள் அறுந்துபோகும் கயிற்றால் கட்டிவிட்டு, கட்டியாயிற்று என்று இருந்துவிட்டோம். சட்டத்துக்குப் பதில் சொல்ல அந்த டயர் போதும். அந்தத் தள்ளுவண்டிக் குழந்தைக்கு ஏதாவது நடந்திருந்தால் அல்லாஹ்விடம் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

வாகன விஷயமெல்லாம் ஆண்கள் பாடு என்று நாமும் ஒதுங்கிவிடுகிறோம். பால்மா பக்கற்றில் திகதி பார்க்காமல் வாங்குவோமா? டயரிலும் திகதி இருக்கிறது சகோதரிகளே. நம் ஊரில் பனி இல்லை. ஆனால் மழை இருக்கிறது, பழைய டயரும் விற்பனைக்கு இருக்கிறது. பிள்ளைகளை ஏற்றிப் போகும் பள்ளி வேனிலும், வீட்டு முச்சக்கர வண்டியிலும் ஒருமுறை குனிந்து பாருங்கள். உருளையாய்த் தேய்ந்த டயருக்கு ஈர வீதியும் பனி வீதி போலத்தான்.

அன்று பின் ஆசனத்தில் இருந்த மகள் இப்போது சொந்தமாகக் கார் ஓட்டுகிறாள். போன குளிர்காலத்துக்கு முன் டயர் கடையிலிருந்து கோல் எடுத்தாள். “உம்மா, நாலு நம்பரும் பார்த்துட்டேன். இந்த வருஷத்துடையது” என்றாள். அதற்குப் பிறகுதான் நான் துஆச் செய்தேன்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணங்களைப் பாதுகாப்பானதாக ஆக்கி வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.