ஏரிக்கு மேலே ஒரு கிராமம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புவியமைப்பியல்)

'ஆர்டோவிசியன்' என்ற சொல்லை மனப்பாடம் செய்யாதவர் எங்கள் வகுப்பில் எவருமிலர். 48 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் தொடங்கிய பாறைக் காலம் அது. வட வேல்ஸில் வாழ்ந்த ஆர்டோவிசஸ் என்னும் பழங்குடியினரின் பெயரை 1879இல் லாப்வொர்த் என்ற அறிஞர் அதற்குச் சூட்டினார். தேர்வுக்கு அவ்வளவு போதும். ஆனால் எங்கள் பேராசிரியர், "பெயர் வந்த ஊரைப் படத்திலாவது பாரப்பா" என்றார். நூலகத்தில் வேல்ஸைப் பற்றிய பழைய நூலொன்றை எடுத்தேன். பாறையைத் தேடிப் போனவன் ஒரு சிறுவனைக் கண்டு திரும்பினேன்.

அவன் பெயர் ஓவன் எட்வர்ட்ஸ். 1858இல் லானியூக்லின் என்ற கிராமத்தில், சிறு விவசாயி ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தவன். 'ஏரிக்கு மேலுள்ள கோயில்' என்று அப்பெயருக்குப் பொருளாம். அதிலுள்ள லகரத்தை, நாவை மேலே ஒட்டி இருபுறமும் காற்றை ஊதிச் சொல்ல வேண்டுமாம். நம் ழகரத்தோடு பிறர் படும் பாட்டை நான் அதனோடு பட்டேன்! ஊருக்குக் கீழே, வேல்ஸின் இயற்கை ஏரிகளில் மிகப் பெரியதான டெகிட் ஏரி. மேலே ஆரன் மலை. சுற்றிலும் ஆட்டுப் பட்டிகள், கல்லடுக்கிய வேலிகள், ஓயாத மழை.

அந்த ஊரின் இளமை நினைவுகளை எட்வர்ட்ஸ் 1906இல் தம் தாய்மொழியாகிய வெல்ஷில் நூலாக்கினார். 'நினைவின் மணிகள்' என்பது போன்ற தலைப்பு. வீட்டையும் ஊர் மக்களையும் அவர் நினைக்கும்போது அன்பு சுரக்கிறது. ஞாயிறு தோறும் சிறுவரும் கிழவரும் ஒருங்கே அமர்ந்து வெல்ஷில் படித்த தேவாலயப் பள்ளியே தமக்கு எழுத்தறிவு தந்தது என்கிறார்.

வாரநாள் பள்ளியோ வேறு. அங்கே ஆங்கிலம் மட்டுமே; சிறுவனுக்கு அதில் ஒரு சொல்லும் தெரியாது. வெல்ஷ் பேசியவன் கழுத்தில் கயிற்றில் கோத்த ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடுவார்கள். இன்னொருவன் வெல்ஷ் பேசுவதைக் கேட்டுக் காட்டிக்கொடுத்தால் கட்டை அவனுக்கு மாறும். மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குப் பிரம்படி. தன் சுமையை அடுத்தவன் மேல் போடலாகாது என்று வீட்டில் வளர்க்கப்பட்டவன் ஓவன். அவன் யாரையும் தேடவில்லை. நாள்தோறும் கட்டை அவன் கழுத்திலேயே நின்றது.

இவ்விடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் தந்தையார் கல் உடைப்பவர். என்னை ஆறாம் வகுப்பில் கடன் வாங்கி ஓர் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தார். அங்கே கட்டை இல்லை; ஒரு நோட்டு இருந்தது. தமிழ் பேசியவன் கையில் அது வரும். மாலையில் வைத்திருப்பவன் பத்து ரூபாய் கட்ட வேண்டும். ஒருநாள் மூன்றரை மணிக்கும் அது என்னிடமே இருந்தது. வீட்டில் எப்படிக் கேட்பேன்? அப்போது பக்கத்திலிருந்த எங்கள் ஊர்ப் பையன், "பென்சில் இருக்காடா?" என்றான். என்னிடந்தான் கேட்டான். நான் கையைத் தூக்கினேன்.

அடுத்த ஆண்டு பணமின்றி இருவருமே அரசுப் பள்ளிக்குத் திரும்பினோம்.

எட்வர்ட்ஸ் ஆக்ஸ்போர்டு வரை சென்றார். 1892இல் வெல்ஷ் மொழியில் சிறுவர் இதழ் தொடங்கினார். 1907இல் வேல்ஸ் பள்ளிகளின் தலைமை ஆய்வாளரானார். பள்ளிகளில் வெல்ஷுக்கு இடம் தேடித் தந்தார். எத்தனை அடி வாங்கிய ஊர்! அங்கேயே வீடு கட்டி, 1920இல் அங்கேயே மறைந்தார்.

போன பொங்கலுக்கு ஊரில் அந்த நண்பனைப் பார்த்தேன். லாரிப் பட்டறையில் வேலை செய்கிறான். "வாடா காலேஜு" என்று தோளில் கைபோட்டு, டீ வாங்கித் தந்தான். அந்த நோட்டு நினைவிருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். காசை அவனே கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.