மாதா காலடி நிலா

1969ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள், திங்கட்கிழமை. காலைப் பூசைக்கு உதவி செய்த நாம், பள்ளிக்கூட நினைவே இன்றிப் பங்குச் சாமியாரின் அறைவீட்டுத் திண்ணையில் நின்றிருந்தோம். நமக்கு அப்போது வயது பதினொன்று. சன்னலோரம் இருந்த வானொலிப் பெட்டி கரகரத்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து வந்த ஆங்கிலம் நமக்கு விளங்கவில்லை. சாமியாருக்கும் பாதிதான் விளங்கியது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. மணி 8.26 ஆனபோது அவர் சட்டென்று எழுந்து, "இறங்கிட்டான்டே!" என்று கூவினார். கோவில்பிள்ளை மணியடிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், ஊரார் தீப்பிடித்ததென்று வாளியோடு ஓடி வருவார்கள் என்றார் சாமியார்.

ஆம்ஸ்ட்ராங்கின் கால் நிலவில் பட்ட செய்தியைச் சுமந்துகொண்டு வீட்டுக்கு ஓடினோம். ஆச்சி முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னோம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மாதா காலடியில கெடக்குற நெலாவுல எவன்ல கால வைப்பான்? போல, போயிப் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு."

எங்கள் கோவிலில் அமல உற்பவ மாதாவின் சுரூபம் உண்டு. காலடியில் வெள்ளி பூசிய பிறை. திருவெளிப்பாட்டின் 12ஆம் அதிகாரத்தில் வரும் பெண்ணின் காலடி நிலவுதான் அது என்பதெல்லாம் ஆச்சிக்குத் தெரியாது. அந்தப் பிறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தான் தெரியும். அதன்மீது ஒருவன் செருப்புக்காலோடு ஏறினான் என்றால் அவர் எப்படி ஏற்பார்?

நாம் சிரித்தோம். சிரித்ததோடு நின்றோமா? மாலையில் தெருப் பையன்களைக் கூட்டிவந்து, கூனிய முதுகும் நடுங்கும் விரலுமாக ஆச்சியைப் போலவே பேசி நடித்துக் காட்டினோம். கைதட்டல் பலமாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது ஆச்சி நிலைப்படியில் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார். அன்றிரவு செபமாலைக்கு நம்மை வழக்கம்போல் பக்கத்தில் இருத்திக்கொள்ளவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துக் கண்மூடும்வரை அவர் நிலாப் பயணத்தை நம்பவுமில்லை. நாம் மன்னிப்புக் கேட்கவுமில்லை.

அவரை நம்பவைக்க வழி இருந்தது என்பது பின்னாளில்தான் நமக்குத் தெரிந்தது. அதே இரவில் திருத்தந்தை ஆறாம் பவுல் (அன்று நாம் சொன்னபடி ஆறாம் சின்னப்பர்) காஸ்தல் கந்தோல்ஃபோ வான்காணகத்தின் தொலைநோக்கியில் நிலவைப் பார்த்தார். வானவீரர்களுக்கு ஆசி வழங்கினார். அவர்கள் நிலவில் விட்டுவந்த நாணய அளவுச் சிலிக்கன் வில்லையில் 73 நாடுகளின் தலைவர்கள் அனுப்பிய செய்திகள் இருந்தன. இந்திரா காந்தியின் செய்தியும் அதில் உண்டு. திருத்தந்தையின் செய்தியோடு சென்றது எட்டாம் திருப்பாடல். இன்னொன்றும் உண்டு. ஆம்ஸ்ட்ராங்குடன் இறங்கிய ஆல்ட்ரின், பிரெஸ்பிட்டேரியன் சபையினர்; கலத்தைவிட்டு வெளியே கால் வைக்குமுன் தாம் கொண்டுசென்ற அப்பத்தையும் இரசத்தையும் செபத்தோடு உட்கொண்டார். "நிலவில் முழந்தாளிட ஆள் போயிருக்கிறது ஆச்சி" என்று சொல்லியிருந்தால் போதும். அவரே தெருவெல்லாம் சொல்லியிருப்பார்.

இவையெல்லாம் அண்மையில் ஒரு புதுநன்மை விருந்தில் நினைவுக்கு வந்தன. நம் எதிரே இலையில் அமர்ந்திருந்தவர் மருமகன் முறையாகும் இளைஞர், பொறியாளர். பாயசம் வரும் நேரத்தில் தொடங்கினார்.

"மாமா, நிலாவுல காத்தே கிடையாது. அப்புறம் கொடி எப்படிப் பறக்குது? எல்லாம் ஸ்டுடியோ வேலை."

கொடியின் மேல்விளிம்பில் குறுக்குக் கம்பி கோத்திருந்தார்கள் என்றோம். கம்பி முழுதாக நீளாததால் துணி சுருங்கி நின்றது. அந்தச் சுருக்கமே படத்தில் பறப்பதுபோல் தெரிகிறது. வானத்தில் விண்மீனைக் காணோமே என்றார். திருவிழா இரவில் விளக்கு அலங்காரத்தோடு சப்பரத்தைப் படம் எடுக்கிறோமே, அதில் விண்மீன் விழுகிறதா என்று கேட்டோம். வெயிலில் பளீரிடும் தரைக்கு ஏற்றபடி வைத்த கேமராவில் மங்கிய ஒளி பதியாது.

பந்தியில் சிரிப்பு எழுந்தது. நமக்கும் சூடு பிடித்தது. அப்பல்லோ பணியில் உழைத்தோர் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர். நம் பங்கில் சாமியாருக்கு மாற்றலாகிறது என்றால் ஆயரின் கடிதம் வருமுன்பே மீன்சந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. நான்கு லட்சம் பேர் அரை நூற்றாண்டாக வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறார்களாம்! போட்டியில் ஓடிய சோவியத்துக்காரர்களின் லூனா 15 அதே ஜூலை 21இல் நிலவில் மோதி நொறுங்கியது. எதிராளி பித்தலாட்டம் செய்திருந்தால் அவர்கள் ஊரைக் கூட்டியிருக்க மாட்டார்களா? பன்னிருவர் ஆறு முறை இறங்கி அள்ளிவந்த 382 கிலோ கல்லிலும் மண்ணிலும் ஒரு பங்கை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஆராய்ந்தனர். அவர்களும் கூட்டுக் களவாணிகள் போலும். அவர்கள் வைத்துவந்த எதிரொளிப்பான்களில் லேசர் ஒளி இன்றும் பட்டுத் திரும்புகிறது. நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுவதை அதைக்கொண்டே அளந்தார்கள். 2009இல் அமெரிக்கச் சுற்றுக்கலமும் பின்னர் நம் சந்திரயான்-2உம் அந்த இறங்கு தளத்தைப் படம் எடுத்தன. தோமா தொட்டுப்பார்க்கக் கேட்டார், கண்டதும் பணிந்தார். இவர்களோ காயத்தைக் காட்டினால் சாயம் என்பார்கள்!

பந்தியே குலுங்கியது. மருமகன் மட்டும் இலையைப் பார்த்தபடி இருந்தார். அந்தக் குனிந்த தலை நம்மைச் சுட்டது. ஆனாலும் ஆச்சியும் இவரும் ஒன்றென்று நம்மால் சொல்ல முடியவில்லை. ஆச்சி யாரையும் பொய்யர் என்று சொல்லவில்லை. தம் வணக்கத்துக்குரியதைக் காத்தார், அவ்வளவே. இவர் பேச்சோ 1967 ஜனவரியில் அப்பல்லோ கலத்தின் சோதனைத் தீயில் மாண்ட கிரிஸம், ஒயிட், சாஃபி ஆகிய மூவரின் கல்லறைமீது போய் விழுகிறது. பயணமே நாடகம் என்றால், அந்தக் குடும்பங்கள் சிந்திய கண்ணீரை எங்கே வைப்பது? இதைத்தான் நாம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பந்தி சிரிக்கிறது என்பதற்காக மற்றதையெல்லாம் சொன்னோம்.

இரவில் அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனோம். நிறைநிலவுக்கு இரண்டொரு நாள் இருந்தது. பழைய பைனாகுலரைக் கையில் கொடுத்து, வலப்புறம் கருமையாகத் தெரியும் அமைதிக்கடலைக் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலியே மாமா."

"தெரியாது. 3,84,000 கிலோமீட்டர். பூமியில் உள்ள எந்தத் தொலைநோக்கிக்கும் அந்தக் கலம் தெரியாது. மத்தியானம் எல்லார் முன்னாலும் உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது மாப்பிள்ளை."

அவர் பைனாகுலரை இறக்கவில்லை. "அந்த மூணு பேர் பேரு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். பந்தியில் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்று பெயர்களையும் சொன்னோம்.