காட்டாமணக்கு என்ன ஆச்சு சார்?

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவோ, யார் வீட்டு நவராத்திரிக் கொலுவோ, நான் உயிரி எரிபொருள் ஆராய்ச்சியில் இருக்கிறேன் என்றதும் வருகிற முதல் கேள்வி: "அந்தக் காட்டாமணக்கு டீசல் என்ன சார் ஆச்சு?" அடுத்தது: "பொண்ணு பயோடெக் படிக்கணும்கிறா. இந்த லைன்ல எதிர்காலம் இருக்கா?" முதல் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டாவதற்கும் சொன்ன மாதிரிதான்.

வேலியோரத்தில் பாலை எடுத்துக் குமிழி ஊதினோமே, அந்தச் செடிதான். (நெய்வேலிக் காட்டாமணக்கு வேறு.) தரிசில் நட்டு டீசல் எடுக்கலாம் என்று 2003ல் திட்டக் கமிஷன் குழு சிபாரிசு செய்தது. 2017க்குள் 20 சதவீதக் கலப்பு என்று 2009 கொள்கை இலக்கு வைத்தது. நடக்கவில்லை. தரிசில் செடி பிழைத்துக்கொள்ளும், ஆனால் தண்ணீரும் உரமும் இல்லாமல் காய்க்காது. காய்கள் ஒரே சமயத்தில் பழுக்காததால் பறிப்புக் கூலி ஏறும். புண்ணாக்கும் விஷம், மாட்டுக்குப் போட முடியாது.

நான் பி.எச்.டி. சேர்ந்ததே இந்தச் செடியை நம்பித்தான். முடித்து வெளியே வந்தபோது அந்தத் திட்டங்களில் பணம் வற்றிவிட்டது. கூடப் படித்தவன் பெங்களூரில் ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்டிக்கொண்டிருந்தான். நான் ஹாஸ்டல் அறையில். "இன்னும் எத்தனை வருஷம்டா படிப்ப?" என்று அப்பா போனில் கேட்பார். என்னிடம் பதில் இருக்காது.

ஆனால் அந்த வருடங்கள் யாருக்கும் வீணாகவில்லை. 2018 ஆகஸ்ட் 27 அன்று டேராடூனிலிருந்து டெல்லிக்கு ஒரு ஸ்பைஸ்ஜெட் விமானம் காட்டாமணக்கு எரிபொருள் கலந்து பறந்தது. தயாரித்தது டேராடூன் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம். எண்ணெயில் உள்ள ஆக்சிஜனை ஹைட்ரஜன் கொண்டு நீக்கி, வானத்துக் குளிரில் உறையாதபடி மூலக்கூறுகளைக் கிளைவிடச் செய்யவேண்டும். இந்த வித்தைக்குக் காட்டாமணக்குதான் வேண்டும் என்பதில்லை. வடை சுட்டு மீந்த எண்ணெயும் போதும். செடி தோற்றது, கற்றது நின்றது.

நான் வைக்கோலுக்கு மாறினேன். டெல்லிப் பக்கம் இருப்பவர்களுக்கு அக்டோபர், நவம்பர் புகையைப் பற்றிச் சொல்லவேண்டாம். நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இடைவெளி குறைவு என்பதால் வயலிலேயே கொளுத்துகிறார்கள். 2022 ஆகஸ்டில் பானிபட்டில் இந்தியன் ஆயிலின் ஆலை திறந்தார்கள். வருடத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல், 3 கோடி லிட்டர் எத்தனால் என்பது கணக்கு. சொல்வது சுலபம். வைக்கோலுக்குள் இருக்கும் சர்க்கரையை லிக்னின் பூட்டி வைத்திருக்கிறது. பூட்டை உடைத்தாலும், வருகிற சர்க்கரையில் ஒரு பகுதியைச் சாதாரண ஈஸ்ட் தொடாது. மண்ணும் சிலிக்காவும் இயந்திரத்தை அரிக்கும். சில வாரத்தில் வருகிற வைக்கோலை வருடம் முழுக்கச் சேமிக்கவேண்டும். 2025ல் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் எட்டினோம் என்றாலும், பெரும்பங்கு கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும்தான்.

எனவே பெற்றோர்களே, எதிர்காலம் இருக்கிறது. மட்கும் பிளாஸ்டிக்குக்கான லாக்டிக் அமிலம், லிக்னினிலிருந்து பிசின் என்று கதவுகள் நிறைய. ஆனால் முப்பது வயதுவரை சம்பளம் என்று பெரிதாக வராது. பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும் சித்தப்பாவை நீங்கள்தான் சமாளிக்கவேண்டும். நுண்ணுயிரோடு கொஞ்சம் கெமிக்கல் இன்ஜினியரிங்கும் படிக்கச் சொல்லுங்கள். குடுவையில் ஜெயிப்பது ஆலையில் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

"எவ்வளவு சம்பாதிப்பே?" என்று மட்டும் முதல் ஐந்து வருடம் கேட்காதீர்கள். "இன்னிக்கு என்ன கிடைச்சுது?" என்று கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு அது போதும்.